நடு இல்லை

காலை பத்தரை மணிக்கு விஸ்கியும் கையுமாக உட்கார்ந்திருப்பவளை ஊர் என்ன சொல்லும் என்று சுகிர்தாவுக்குத் தெரியும். ஊருக்கென்ன, மூக்கு ஒழுங்காக வேலை செய்வது அந்த நேரத்தில்தான். காலைச் சாப்பாடு இறங்கியிருக்கும், மத்தியானப் பசி எட்டிப் பார்த்திருக்காது. குன்னூரில் சதுப்பு நிலக் காப்பு வாரியத்தின் சோதனை அறையில் ஜன்னல்களை இறுக அடைத்துவிட்டு, அவள் முன்னால் நான்கு கருநீலக் கோப்பைகளை வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பதன் நிறம்கூடத் தெரியக் கூடாது என்பதற்காகக் கருநீலம். எந்தக் கோப்பையில் எந்தக் கம்பெனிச் சரக்கு என்பது பக்கத்து அறையில் இருந்த ஓர் உறைக்கு மட்டும்தான் தெரியும்.

எதிரே ரங்கபாஷ்யம். நாற்பது வருடம் தேயிலை ஏலத்துக்கு ருசி பார்த்த மனிதர். வாரியத்தில் சேர்ந்த பிறகு இந்தியாவின் விலையுயர்ந்த விஸ்கிகள் எல்லாம் அவர் நாக்கில் நின்றிருக்கின்றன, ஒரு சொட்டுகூடத் தொண்டைக்குள் போனதில்லை. கொப்பளித்துத் துப்பிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று துளசி இலையை மென்றுகொள்வார்.

இவர்கள் இருவரும் தேடுவது ஒரு புகையை. நீலகிரியின் உச்சிப் புல்வெளிகளுக்கு நடுவே பள்ளங்களில், ஆயிரக்கணக்கான வருடங்களாகப் புல்லும் வேரும் மட்காமல் தண்ணீரில் ஊறிக் கறுத்துக் கிடக்கின்றன. அதற்குப் பெயர் பீட். வெட்டிக் காயவைத்து மூட்டம் போட்டு, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியை வாட்டிக் காய்ச்சினால் விஸ்கிக்கு ஓர் ஆஸ்பத்திரி நெடி வரும். அந்த நெடிக்கு உலகம் முழுக்க அடிமைகள் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்திலிருந்து இறக்குமதி செய்து எரித்தால் குற்றமில்லை. நம் மலையில் ஒரு கூடை வெட்டினால் ஜெயில். மழையைக் குடித்து வைத்துக்கொண்டு வருடம் முழுக்க ஓடைகளுக்கு விடுவது அந்தக் கறுப்புச் சேறுதான் என்று, இருபது வருடத்துக்கு முந்தைய வறட்சியில் ஊட்டியே குடத்தோடு தெருவில் நின்ற பிறகுதான் அரசாங்கத்துக்கு உறைத்தது.

முதலில் இயந்திரங்களை வைத்துத்தான் சோதித்தார்கள். இயந்திரம் எதை எண்ணுகிறது என்று தெரிந்துகொண்டு அதை மட்டும் வடிகட்டி எடுக்கக் கம்பெனிக்காரர்களுக்கு ஆறு மாதம்கூடப் பிடிக்கவில்லை. அதனால் மறுபடி மனித மூக்கு. இரண்டு மூக்கும் ஒத்துச் சொன்னால்தான் வழக்கு. ஒன்று மறுத்தாலும் சரக்கு சுத்தம்.

"மூணாவது," என்றார் ரங்கபாஷ்யம். "நம்ம மண்ணு."

"இல்லை சார். டிங்சர் இருக்கு, தார் பூசின கயிறு இருக்கு, உப்பு இருக்கு. கடலோரத்துப் பீட். ஸ்காட்லாந்துதான்."

"அதெல்லாம் மேலாப்பல தூவினது. அடியில பாரு."

சுகிர்தா கண்ணை மூடி மறுபடி முகர்ந்தாள். டிங்சரும் தாரும் முதலில் வந்தன. கடைசியில் ஆறிய சாம்பல். இரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை. ஒரு வாய் வைத்தாள். அப்படியேதான். காரம் ஏறியது, நின்றது, பிறகு சாம்பல். அட்டையில் தன் வழக்கப்படி எழுதினாள்: 'நடு இல்லை.'

ரங்கபாஷ்யம் தலைகீழாகவே அதைப் படித்துவிட்டார். எழுந்து போய் அலமாரியைத் திறந்து ஒரு கட்டு அட்டைகளைக் கொண்டுவந்து மேஜைமேல் பரப்பினார். எல்லாம் அவள் கையெழுத்து.

"மூணு வருஷத்துல நூத்துச் சொச்சம் சரக்கு பார்த்திருக்கே. பன்னெண்டு அட்டையில இந்த வார்த்தை இருக்கு. உறையை எல்லாம் பிரிச்சு வெச்சுப் பார்த்தேன். பன்னெண்டும் ஒரே கம்பெனி. நீலமேகம்."

"அந்த விஸ்கியோட குறை சார் அது. நடுவுல பலம் இல்லை."

"ப்ளைண்ட் டேஸ்டிங்தானேம்மா இது? கண்ணைக் கட்டிண்டு பன்னெண்டு தடவையும் ஒரே கம்பெனியை எப்படித் தொட்டே? எனக்கு அந்தச் சரக்குல நடுதான் இருக்கு. மத்ததெல்லாம் பவுடர் பூச்சு."

சுகிர்தாவுக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே அறையில், இதே போல ஒரு சண்டையில், 'உங்களுக்கு வயசாயிடுச்சு சார், பேசாம துளசியை மட்டும் மோந்து பாருங்க' என்று அவள் சொல்லி, வாரியமே சிரித்தது. அன்றிலிருந்து அவர் அவளிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

"அப்போ என்ன சொல்ல வர்றீங்க?"

"நான் சொல்றதுக்கு என்ன இருக்கு? நீதான் சொல்லணும்," என்றார். குரலில் ஒரு கசப்பு இருந்தது. அது எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. தீர்ப்பை நாளைக்குத் தள்ளிவைத்தாள். மூன்றாவது கோப்பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியில் ஊற்றி, மூடி, அரக்கு முத்திரை வைத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

அவள் மூக்கு சாதாரண மூக்கில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நான்கு வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய வாசனைகள் அத்தனையையும் துடைத்துக்கொண்டு போனது. ஏழு மாதம் செத்த பிணம்போலக் கிடந்தாள். கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் மூக்கின் வேரில் அரிசியளவு சில்லு ஒன்றைப் பதித்தார்கள். காற்றில் வருவதைப் பார்த்து மூளைக்குச் சொல்லும் சில்லு. 'உள் மூக்குத்தி' என்று ரூபன் அதற்குப் பெயர் வைத்தான். கல்யாணத்துக்கு வாங்கித்தர முடியாத மூக்குத்தியை இப்போது வாங்கித்தந்துவிட்டேன் என்று கண் கலங்கச் சொன்னான். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் அவன் கொண்டுவந்த ஃபிளாஸ்க் காப்பியின் வாசனைக்கு அவள் வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். அந்தக் காப்பிக்காகவே அவனுக்கு எத்தனை ஜென்மம் வேண்டுமானாலும் சோறு போடலாம் என்று நினைத்தாள்.

அவளை வீட்டில் விட வாரியத்தின் கார் கொலக்கம்பை ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் ஜோகி, படகர், இந்தப் பக்கத்து ஹட்டி ஒன்றில், மலைக் கிராமத்தில், பிறந்தவர். ஒரு வளைவில் சட்டென்று கண்ணாடிகளை ஏற்றினார்.

"மூக்கை மூடிக்குங்க மேடம். யூகலிப்டஸ் தைலம் காய்ச்சற கொட்டாய். சக்கை இலையைப் போட்டு எரிக்கிறாங்க, பொகை தொண்டையைக் கிழிக்குது."

வெள்ளைப் புகை சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. சுகிர்தாவின் கண்ணில் நீர் கொட்டியது. தொண்டை கமறியது. மூக்கு மட்டும் கல்யாண வீட்டில் அழைப்பில்லாதவன்போலச் சும்மா இருந்தது.

"வண்டியை நிறுத்துங்க அண்ணே."

இறங்கிப் போய், அடுப்பு வாசலில் பாதி எரிந்து கிடந்த தைல இலைக் கொத்து ஒன்றை எடுத்தாள். புகைந்துகொண்டிருந்ததை மூக்கருகே வைத்தாள். ஒன்றுமில்லை. மரத்திலிருந்து பச்சை இலையைப் பறித்துக் கசக்கினாள். பளீரென்று ஏறியது. மறுபடி புகையும் இலை. ஒன்றுமில்லை. பக்கத்தில் வந்த ஜோகி இருமிக்கொண்டே அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"அண்ணே, இந்தப் புகை எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

"எப்படின்னா... எங்க ஹட்டிக்கு மேல சதுப்பு இருக்குதுங்களே, நான் ஸ்கூல் போறப்ப அது தீப்புடிச்சு மூணு மாசம் பொகைஞ்சுது. அச்சு அசல் இதே வாசனை. சுத்தியும் தைல மரம்தானே மேடம், அந்த வேரும் இலையும்தானே அதுல ஊறிக் கெடக்கு."

"இப்போ எப்படி இருக்கு அந்தச் சதுப்பு?"

ஜோகி மேட்டுப் பக்கம் கை காட்டினார். "பாதி குழியாக் கெடக்குங்க. யாரு வெட்டறாங்கன்னு தெரியல. ஓடை நின்னு ரெண்டு வருஷமாச்சு. பொம்பளைங்க லாரித் தண்ணிக்கு நிக்கிறாங்க. வாரியத்துக்கு எழுதிப் போட்டோம். சரக்குல நம்ம மண்ணு இல்லைன்னு ரிப்போர்ட் வந்துடுச்சுன்னுட்டாங்க."

அந்த ரிப்போர்ட்டுகளில் கையெழுத்து யாருடையது என்று ஜோகிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் இரண்டு வருடமாக அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருக்கிறார். சுகிர்தாவுக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. நடு இல்லாதது விஸ்கிக்கு இல்லை, தனக்கு. மூன்று வருடமாகத் தன் மூக்கில் இருந்த ஓட்டையை, ஒரு சத்தியசந்தப் பைத்தியக்காரியைப் போல, அடுத்தவன் சரக்கின் குறை என்று அட்டை அட்டையாக எழுதி வைத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை. ரூபன் தொழிற்சாலையிலிருந்து சாப்பிட வந்திருந்தான். மூன்று மைல் தள்ளி ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு அவன் மேனேஜர். இருவரும் காலேஜில் ஒரே வகுப்பு, அதனால் கல்யாணமாகிப் பதினெட்டு வருடமாகியும் அவளுக்கு அவன் 'நீ'தான். உலகத்தில் இந்த விஷயத்தைச் சொல்ல அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பையை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் சரிந்தாள்.

"ரூபன், என் மூக்குல ஏதோ கோளாறுடா. சில்லு சிலதைச் சொல்ல மாட்டேங்குது. எத்தனை விட்டுப்போச்சோ தெரியல. பயமா இருக்கு."

ரூபன் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தான்.

"ஒண்ணே ஒண்ணுதான் சுகி," என்றான்.

ஒன்றா பத்தா என்று அவள் சொல்லவே இல்லை. அவனும் அதை உடனே உணர்ந்தான். வாயிலிருந்து விழுந்ததைத் திரும்ப எடுக்க முடியாமல் விழித்தான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு பேப்பர் கொடுத்தாங்க. ஒவ்வொரு வாசனைக்கும் சில்லுல ஒரு அடையாளம் இருக்காம். வாசனை வந்ததும் அடையாளத்தைப் பார்த்து மூளைக்குச் சொல்லும். ஒரு அடையாளத்துக்கு மட்டும் 'சொல்லாதே'ன்னு எழுதி வெச்சுட்டா சொல்லாது. அவ்வளவுதான் விஷயம். மத்த எல்லாம் வரும்னாங்க."

"யார் எழுதச் சொன்னது?"

"அந்த ஆராய்ச்சிக்கே நீலமேகம்தான் செலவு பண்ணுச்சு. அவங்க சொல்லாம உனக்குச் சில்லு கிடைச்சிருக்காது."

"வாரியத்துல எனக்கு வேலை காத்திருக்குன்னு தெரிஞ்சேதானே கொடுத்தாங்க?"

அவன் அவள் காலருகே தரையில் உட்கார்ந்தான். "நீ எப்படிக் கிடந்தேன்னு உனக்கு ஞாபகம் இல்லை சுகி, எனக்கு இருக்கு. வாயில வெக்கிறதெல்லாம் களிமண்ணுன்னு துப்பினே. கேஸ் திறந்து கிடக்கிறது தெரியாம தீக்குச்சியைக் கையில எடுத்தே. மாடியில போய் ஓரத்துல நின்னே. நான் என்ன பண்ணட்டும்? ஒரு வாசனையைக் கொடுத்துட்டுப் பத்தாயிரம் வாசனை வாங்கினேன். அது தப்பா?"

கொடுமை என்னவென்றால், அவளுக்கு அது பாதி புரிந்தது. அந்த மாடி ஓரம் நிஜம். அவனுடைய கண்ணீரும் அன்றைக்கு நிஜமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் மூக்கைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அந்த மூக்கால் வந்த சம்பளத்துக்கும் பெயருக்கும் கேக் வெட்டியவன் இவன். ரங்கபாஷ்யத்தை அவள் அவமானப்படுத்திய கதையைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தவனும் இவன்தான். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான்."

"என் மூக்குக்கு?"

"சுகி..."

"ஃபோனை எடுங்க," என்றாள். "எடுத்து அதைத் திறந்துவிடச் சொல்லுங்க. இப்பவே."

பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக வந்த அந்த 'ங்க' அவனை அறைந்திருக்க வேண்டும். எழுந்துவிட்டான். திறந்தால் மற்ற வாசனைகளும் போய்விடலாம் என்று கொஞ்சம் பயமுறுத்திப் பார்த்தான். யோசித்து நாளைக்குச் செய்யலாம் என்றான். அவள் அசையவில்லை. கடைசியில் கோயம்புத்தூருக்குப் பேசினான். எண்களைச் சொன்னான், அடையாளத்துக்கு ஃபோன்மேல் கைவிரல் வைத்தான், தலையாட்டினான்.

"பத்து நிமிஷத்துல மெல்ல மெல்ல வருமாம். நீ உட்காரு. நான் குளிச்சிட்டு வந்துடறேன்."

குன்னூர்க் குளிரில் மத்தியானம் இரண்டு மணிக்குக் குளிக்கிற ஆளில்லை ரூபன். ஸ்வெட்டரைக் கழற்றிச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு போனான். குளியலறைத் தாழ் விழுந்தது, கீஸர் உறுமியது.

சுகிர்தா புட்டியை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த ஒரு வாசனையைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்த பிறகு நாளைக்குக் காலையில் ரங்கபாஷ்யத்தின் காலில் விழவேண்டும். அவ்வளவுதான் அப்போதைக்கு அவளுடைய திட்டம்.

ஏழாவது நிமிடம் வந்தது. முதலில் ஈரம். மூடி வைத்த கிணற்றைத் திறந்தாற்போல ஒரு குளிர்ந்த ஈரம். அதன்மேல் கருகிய தைல இலை, நனைந்த சாக்கு, நசுங்கிய வேர், கடைசியில் நெஞ்சை அடைக்கும் ஒரு கசந்த புகை. இத்தனை தடவை நாக்கில் வைத்தும் தெரியாமல் போன நடு இதுதான். எத்தனை அழகாக இருக்கிறது, இதைப் போயா என்னிடமிருந்து எடுத்தார்கள் என்று அந்த நிலையிலும் ஒரு கணம் தோன்றியது. நன்றாக முகர்வதற்காகப் புட்டியைக் கையில் எடுத்தாள்.

அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. அவள் இன்னும் புட்டியைத் திறக்கவே இல்லை.

எழுந்தாள். ஜன்னல் திரையை இழுத்து முகத்தில் வைத்தாள். அதில் இருந்தது. சோபாவில் இருந்தது. படுக்கையறையில் நுழைந்தபோது முகத்தில் அடித்தது. அவன் தலையணையில் எண்ணெயை மீறிக்கொண்டு ஊறியிருந்தது. அவளுடைய தலையணையில்கூட இருந்தது. தன் கூந்தலை முன்னால் இழுத்து முகர்ந்தாள். அதிலும் இருந்தது. வாசலில் கிடந்த அவனுடைய பூட்ஸில் புகையில்லை, வெறும் சேறு. இன்றைக்குக் காலையில் வெட்டிய பச்சைச் சதுப்பு. அவன் மேனேஜராக இருக்கும் தேயிலைத் தொழிற்சாலையின் வாசனை, அந்தத் தேயிலையின் ஒரு துளி வாசனை, வீட்டில் எங்கேயும் இல்லை.

பச்சை இலை வரத்தில்லாமல் சுற்றுவட்டாரத்துத் தொழிற்சாலைகள் எல்லாம் பூட்டிக் கிடக்க, ரூபனுடையது மட்டும் மூன்று ஷிப்ட் ஓடியது. என் வீட்டுக்காரர் சாமர்த்தியம் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். தேயிலை உலர்த்தும் இயந்திரத்தில் எதைப் போட்டாலும் காயும், பீட் மூட்டிய புகையில் பார்லிகூட. அவனுக்கு நிபந்தனை போட்டு யாரும் கையெழுத்து வாங்கவில்லை. அவனும் இதில் ஒரு கூட்டாளி. சோதனை அறையில் ஒரு மூக்கு மறுத்தால் போதும் என்பது கம்பெனிக்கு வசதி. அவனுக்கு வேண்டியிருந்தது வேறு. வேலை முடிந்து வந்து பெண்டாட்டி பக்கத்தில் நிம்மதியாகப் படுக்க வேண்டியிருந்தது.

குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. சுகிர்தா சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரங்கபாஷ்யத்துக்கு ஃபோன் செய்தாள். நாளைக்கென்று வைக்காமல் அப்போதே சொன்னாள். சில்லு, கையெழுத்து, வீடு எல்லாம் சொன்னாள்.

"சார், போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஆபீஸ்ல எல்லாரோடவும் எங்க வீட்டுக்கு வந்தீங்களே. காப்பியைக்கூடக் குடிக்காம எழுந்து போயிட்டீங்க. உங்களுக்கு அப்போ..."

"வந்ததும்மா. வாசப்படியிலேயே வந்தது."

"ஏன் சார் சொல்லலை?"

"நீயும் உடந்தைன்னு நினைச்சேன்," என்றார் கிழவர். "அந்த வீட்டுக்குள்ள குடியிருக்கிறவளுக்கு, அதுவும் உன் மூக்குக்கு, தெரியாம இருக்கும்னு நான் எப்படிம்மா நினைப்பேன்? நான் மட்டும் இல்லை, ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் நினைச்சா. உன் புடவையிலேயே வருமே. என்னிக்காவது நீயே வாயைத் திறப்பேன்னுதான் அட்டையெல்லாம் சேர்த்து வெச்சேன்."

மூன்று வருடமாக அந்த அலுவலகத்துக்குள் அவள் தலைநிமிர்ந்து நடந்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் புடவை முழுக்கத் திருட்டு மணக்க மணக்க நடந்திருக்கிறாள். ஜோகி கார்க் கதவைத் திறந்துவிட்டதும் அந்தப் புடவைக்குத்தான்.

"ஜீப்பை அனுப்பச் சொல்லுங்க சார். தொழிற்சாலைக்கு ஒண்ணு, எங்க வீட்டுக்கு ஒண்ணு. அட்ரஸ் எழுதிக்குங்க."

"யோசிச்சுண்டியா? சில்லுதான் முதல் சாட்சி. அதை எடுத்துடுவா. திரும்ப வெக்க மாட்டா. பழையபடி ஒண்ணுமே இல்லாம..."

"தெரியும் சார். எழுதிக்குங்க."

அவர் எழுதிக்கொண்டார். கீழே இறங்கி வர இருபது நிமிடமாகும், அதுவரை ஆளை வெளியே விடாதே என்றார்.

ரூபன் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது சோப்பும் பவுடரும் கமகமத்தன. வேஷ்டி புதிது. ஸ்வெட்டர் வாளிக்குள் ஊறிக்கொண்டிருக்கும். அவள் மேஜையருகே முன்பு இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் புட்டியைப் பார்த்தான், முத்திரையைப் பார்த்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"வந்துச்சா சுகி?"

"இன்னும் வரலை."

அவன் தோள்கள் இறங்கின. முகத்தில் ஒரு நிம்மதி பரவியது, சின்னப் பையனைப்போல ஆனான். பதினெட்டு வருடமாகப் பார்த்து மயங்கிய முகம் அது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைத் தன் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டான். சில பேருக்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகுமாம், கவலைப்படாதே, நான் இருக்கிறேன் என்றான். சோப்பு போகாத நகக்கண்களிலிருந்து சதுப்பு மணந்தது.

சுகிர்தா கையை இழுத்துக்கொள்ளவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

"பசிக்குது," என்றாள். "உட்காருங்க, சாப்பிட்டுடலாம்."

எழுந்து போய் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள்.